தொடாக் காஞ்சி: அறுவைக்குப் பின் புண் காத்த கதை

தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலுக்குப் போய் வருகிற நம் மக்களில் பலரும் அங்கே தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் போசளர் ஆண்ட காலத்துக் கல்வெட்டுகள் அவை. அவற்றில் நம் ஊருக்குத் தொம்பலூர் என்று ஒரு பெயர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயர். ‘தேசி’ என்பது நாடு விட்டு நாடு போய் வாணிகம் செய்த வணிகரைக் குறிக்கும் சொல். பிழைப்புக்காக இங்கே வந்து கடை போட்ட என் போன்றவனுக்கு அந்தப் பெயரைப் படிக்கும்போது மனசு குளிரும், பொய் சொல்வானேன்.

எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் கல்வெட்டில் ஒரு விஷயத்தைத் தேடுவேன். இந்தத் தர்மத்தில் நோயாளிக்கு ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவனுக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பதே அது. தொம்மலூர்க் கல்வெட்டில் ஊர் வருவாய் இருக்கிறது, ஏரி இருக்கிறது, வைத்தியசாலை கிடையாது. இந்தத் தேடல் எனக்கு வந்ததற்குக் காரணம் என் தொழில். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி, காஸ் துணி நெய்வதே அந்த வட்டாரத்துக்குப் பிழைப்பு. அங்கிருந்து துணி வரவழைத்து இந்த நகரத்து நர்சிங் ஹோம்களுக்குப் போடுகிற வியாபாரம் என்னுடையது. பில் எழுதி முடித்த இரவுகளில் படித்ததை வைத்து எழுதுகிறேன். நான் டாக்டரும் அல்ல, பேராசிரியரும் அல்ல என்பதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அறுவை மருத்துவத்தின் வரலாறு என்றால் எல்லாரும் கத்தியின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். மூக்கு ஒட்ட வைத்தான், கல் எடுத்தான், கண் படலம் நீக்கினான் என்று. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரைக்கும் உலகம் முழுக்க அறுவையில் பிழைத்தவர்களை அப்புறம் கொன்றது, கத்தி போன பிறகு புண்ணில் ஏறிய சீழ். அறுத்த பிறகு வருகிற அந்தப் பத்து நாளில் யார் காத்தார்கள், எப்படிக் காத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு நம்மிடம் நல்ல சான்றுகள் இருக்கின்றன. மேடையில் சொல்கிற மாதிரி இல்லை, ஆனால் இருக்கின்றன.

சங்க நூல்களிலிருந்து தொடங்கலாம். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், செங்குட்டுவனைப் பாடிய பரணர், போரில் கிழிந்த மார்பை நெடிய ஊசியால் தைத்த தழும்பைச் சொல்கிறார். குளத்தில் மீன் பிடிக்க முங்கி எழுகிற சிச்சிலிப் பறவை போல ஊசி போய்ப் போய் வருகிறதாம். தையலை நேரில் பார்த்திராத ஆளுக்கு அந்த உவமை வராது. புறநானூற்று 353ஆம் பாட்டிலே, புண்ணில் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரர்கள் வருகிறார்கள். பஞ்சு வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது 281ஆம் பாட்டு. அரிசில் கிழார் பாடியது. அடிபட்டுக் கிடக்கிற தலைவனின் வீடு. வாசலில் இரவமரத் தழையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள். யாழ் வாசிக்கிறார்கள், மணி ஆட்டுகிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். எதற்காக? புண்ணை நாடிப் பேய் வந்து தொட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இதற்கு இலக்கணக்காரர்கள் ஒரு துறையே வகுத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காமல் மனைவி காவல் இருப்பது ‘தொடாக் காஞ்சி’. தொடாத காஞ்சி! யுத்தத்தைப் பாடுகிற இலக்கணத்தில், யுத்தம் முடிந்து வீட்டில் கிடக்கிறவனைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குத் தனியாக ஒரு துறை. வேறு மொழிகளில் இப்படி ஒன்று இருந்தால் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். ‘பேய் என்று முன்னோர் சொன்னது கிருமியைத்தான், அவர்களுக்கு அப்போதே தெரியும்’ என்று நம் சங்கக் கூட்டங்களிலேயே பேசியிருக்கிறார்கள், கைத்தட்டும் விழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் பேய் என்று சொன்னபோது பேயைத்தான் நினைத்தார்கள். கிருமி என்று அறிந்திருந்தால் யாழ் எதற்கு, மணி எதற்கு? அவர்களுக்குக் கண்ணால் தெரிந்தது இவ்வளவு: புண்பட்டவன் முதல் நாள் நன்றாக இருப்பான், நாலாம் நாள் காய்ச்சல் வந்து பிதற்றுவான், பிறகு போய்விடுவான். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வந்து தொடுகிறது, அதைத் தடுக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். காரணம் தப்பு. காவல் தப்பில்லை. அந்தக் காவலை மெச்சுவதற்குப் பேயைக் கிருமியாக்க வேண்டிய அவசியம் ஒன்றும் கிடையாது.

வடமொழிச் சுசுருத சங்கிதையைப் பார்த்தாலும் இதே கதைதான். சூத்திரத்தானத்தின் 19ஆம் அத்தியாயம் முழுக்கப் புண்பட்டவனைப் பேணும் முறை. வீடு எப்படி இருக்க வேண்டும், படுக்கை எப்படி, பகலில் தூங்கக் கூடாது, பிரியமான நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேச வேண்டும், நகமும் மயிரும் குறுக வெட்டியிருக்க வேண்டும், வெள்ளைத் துணி உடுத்த வேண்டும். இரத்தத்தையும் மாமிசத்தையும் விரும்பும் இரவுச்சாரிகள் புண்ணைத் தேடி வரும் என்று அங்கேயும் பயமுறுத்தல் உண்டு. அதே நூலின் 5ஆம் அத்தியாயத்தில் கட்டுப் போடும் முறை வருகிறது. எள் விழுது, தேன், நெய் சேர்த்த திரியை வைத்துக் கட்டு. குங்கிலியம், வெண்கடுகு, உப்பு, வேப்பிலை, நெய் சேர்த்துப் புகை போடு. மூன்றாம் நாள்தான் கட்டை அவிழ்க்க வேண்டும், அவசரப்பட்டு இரண்டாம் நாள் அவிழ்த்தால் புண் ஆறத் தாமதமாகும், வலி கூடும் என்று எச்சரிக்கை. இப்போது ஆஸ்பத்திரிகளில் தைத்த புண்ணின் முதல் கட்டை 48 மணி நேரம்வரை தொடாமல் விடச் சொல்கிறார்கள். கணக்குக் கிட்டத்தட்ட ஒத்துப் போகிறது. எனக்கு இதில் வியப்பு இல்லை. ஆயிரம் புண்ணைப் பார்த்தவனுக்கு அது தானே தெரிந்துவிடும்.

பாட்டும் சாத்திரமும் இருக்கட்டும், ஒரு வியாபாரிக்கு நம்பிக்கை வருவது கணக்கில்தான். அந்தக் கணக்கு திருமுக்கூடலில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு, 1060-களின் பின்பகுதியைச் சேர்ந்தது. எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்திருக்கிறார். கோயிலோடு ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஓர் ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளர். சாலையின் பெயர் வீரசோழன். படுக்கை 15.

இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் ஆஸ்பத்திரி கட்டினான்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சம்பளப் பட்டியலைப் படிப்பதில்லை. நாம் படிப்போம். 12 குறுணி ஒரு கலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியருக்கு நாளொன்றுக்கு 3 குறுணி நெல். ஆண்டுக்கு 90 கலம், காசும் உண்டு. கல்வெட்டு அவர் பெயரைச் சொல்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்கிறவருக்கு, அதாவது சல்லியக்கிரியை பண்ணுகிறவருக்கு, நாளுக்கு 1 குறுணி, ஆண்டுக்கு 30 கலம். அவர் பெயர் இல்லை. மருந்துச் செடி பறித்து விறகு கொண்டு வந்து மருந்து அடுகிறவர்கள் இருவர், இரண்டு பேருக்குமாக 60 கலம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர்; இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 1 குறுணி, ஆண்டுக்கு 30 கலம். நாவிதர் ஒருவர், 15 கலம்.

இப்போது தராசில் போட்டுப் பாருங்கள். அறுக்கிறவருக்கு 30 கலம். அறுத்த பிறகு கூட இருந்து காத்த இரண்டு பெண்களுக்கு அதே 30 கலம். விறகும் மூலிகையும் சுமந்தவர் ஒவ்வொருவருக்கும் அறுக்கிறவருக்குச் சமமான நெல். நாவிதர் ஒருவர் பெற்றதும் காவலிருந்த பெண் ஒருத்தி பெற்றதும் ஒரே அளவு. அறுவை என்பது நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கிற தேர் என்று அந்தச் சபை புரிந்துகொண்டு நெல் அளந்திருக்கிறது. இன்றைக்கு நம் நர்சிங் ஹோம்களில் சர்ஜனுக்கும் ட்ரெஸ்ஸிங் பண்ணும் நர்சுக்கும் எந்த விகிதத்தில் சம்பளம் என்று எனக்கு ஓரளவு தெரியும். இங்கே எழுதினால் வியாபாரம் போய்விடும்!

நாவிதர் எதற்கு? மேலே சொன்ன சுசுருதரின் 19ஆம் அத்தியாயத்தை நினைத்துக்கொண்டால் இடம் விளங்குகிறது. நகமும் மயிரும் குறுக வெட்டியிருக்க வேண்டும் என்றாரல்லவா? சில்லறைக் கீறல் வேலைகளையும் அவரே பார்த்திருப்பார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு எரிய விளக்கெண்ணெய். ஆண்டு முழுக்க இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் இருபது வரை பெயர் பெயராக. அதிலே பசுநெய்யைப் பழக்கி வைக்கிற ‘பழைய நெய்’யும் உண்டு. எந்த நோய்க்கு என்று கல் சொல்லவில்லை. ஆனால் பழைய நெய் புண்ணுக்குப் போடுவது ஆயுர்வேத வழக்கம். குடிதண்ணீரில் போட ஏலமும் இலாமிச்சை வேரும்கூடத் தர்மக் கணக்கில் வருகின்றன.

ஒரு விஷயம் கல்வெட்டில் இல்லை. எத்தனை பேருக்கு அறுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது. அதைக் கணக்கு வைக்கிற பழக்கம் உலகத்தில் எங்கும் வரவில்லை, இன்னும் 800 ஆண்டு ஆக வேண்டியிருந்தது.

சமண மருத்துவம் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் என் வீட்டார் கோபிப்பார்கள். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று நாங்கள் சொல்லும் நான்கு தானத்தில் மருந்து மூன்றாவது. இந்தக் கன்னட நாட்டை ஆண்ட இராட்டிரகூட அமோகவர்ஷன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், உக்கிராதித்யர் என்னும் சமண முனிவர் ‘கல்யாணகாரகம்’ என்று ஒரு மருத்துவ நூல் செய்தார். கள், ஊன், தேன் மூன்றும் இல்லாமலே வைத்தியம் பண்ணலாம் என்பது அவர் கட்சி. தேன் எங்களுக்கு விலக்கு. ஆனால் புண்ணில் தேன் நல்ல பொருள் என்பதை மறைப்பதற்கில்லை. கிருமி நீக்கிய தேன் தடவிய கட்டுகள் இப்போது மருந்துக் கடையிலே விற்கின்றன. நான் அந்தச் சரக்கு எடுப்பதில்லை. கேட்கிறவர்களுக்கு எதிர்க்கடையைக் காட்டி விடுவேன்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை கிழக்கே கோலார், ஒசகோட்டை வழியாக வந்து பெங்களூர்ப் பேட்டையையும் கோட்டையையும் பிடித்தது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டணம் வரை போன அந்த மைசூர்ப் போரில், ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்கிற மராட்டியர் திப்புவின் ஆட்கள் கையில் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் பூனாவுக்குப் பக்கத்தில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் இந்த வகை அறுவையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மென்ஸ் மேகசின்’ பத்திரிகை படத்தோடு இதை வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்பு என்னும் லண்டன் சர்ஜன் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் உயிருள்ளவருக்குச் செய்தார். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் சர்ஜரி மறுபடி தலையெடுத்தது அங்கேதான்.

மெழுகில் மாதிரி செய்தது, தோலை எப்படித் திருப்பினது என்றுதான் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தப் பத்திரிகைக் குறிப்பின் கடைசி வரிகளில் என்ன இருக்கிறது என்றால், பின் கவனிப்பு. தையல் கிடையாது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். நாலு நாளைக்கு அதைத் தொடுவதில்லை. பிறகு எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. முதல் ஐந்தாறு நாள் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடாமலிருக்க மெல்லிய துணித் துண்டு வைக்கிறார்கள். ஏறக்குறைய 25ஆம் நாள், நெற்றியையும் மூக்கையும் இணைத்த தோல் பாலத்தை வெட்டுகிறார்கள்.

காசுக்கட்டி நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருந்த சாமான்தான். கருங்காலி வைரத்தைக் கொதிக்க வைத்து இறுக்கினால் வருவது. தோல் பதனிடவும் அதைப் பயன்படுத்துவார்கள், அத்தனை துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு சதையைச் சுருக்கி, கசிவை நிறுத்தி, காய்ந்ததும் பொருக்கு மாதிரி மூடிக்கொள்ளும். கிருமி வளர்ச்சியையும் ஓரளவு தடுக்கும் என்று இன்றைய சோதனைகள் காட்டுகின்றன. அந்தச் செங்கல்காரருக்குக் கிருமி தெரியாது. மூடி வை, நாலு நாள் தொடாதே, நோயாளியை அசையவிடாதே என்பது தெரியும். மறுபடி அதே தொடாக் காஞ்சிதான்.

அந்த நாலு நாள் கணக்கு கிளாஸ்கோவிலும் வருகிறது. அங்கே 1865 ஆகஸ்ட் 12ஆம் தேதி, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வந்த 11 வயதுப் பையன் ஜேம்ஸ் கிரீன்லீஸுக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டி எறிவதுதான் வழக்கம். வெட்டினாலும் சீழ் ஏறிப் பலர் செத்தார்கள். சீழ் வைப்பது ஆறுவதற்கு நல்ல அடையாளம் என்று நினைத்த டாக்டர்களும் இருந்தார்கள்! லிஸ்டர் நாலு நாள் கழித்துத் திறந்தார். சீழ் இல்லை. ஆறு வாரத்தில் பையன் நடந்து வீடு போனான். கெட்டுப்போவது நுண்ணுயிரால்தான் என்ற பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு அவர் செய்த வேலை இது. 1867இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்.

விதியின் விளையாட்டு என்னவென்றால், கிரீன்லீஸுக்குக் கட்டுப் போட்ட மறுநாள், ஆகஸ்ட் 13ஆம் தேதி, வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் இறந்தார். 1847இலேயே, பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்காதீர்கள், சுண்ணாம்புக் குளோரின் நீரில் கை கழுவுங்கள் என்று சொன்னவர் அவர். கழுவியதும் தாய்மார் சாவு மளமளவென்று குறைந்ததைக் கணக்கு எழுதிக் காட்டினார். மூத்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. கடைசியில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, புண் சீழ் பிடித்தே செத்தார். இந்த வரலாற்றிலே எனக்கு ஆறாத பகுதி அது.

இதையெல்லாம் நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 1976இல் என் தகப்பனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். எங்கள் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், பெயர் வேண்டாம். அறுத்த டாக்டர் கைராசிக்காரர், தையலும் சுத்தம். வார்டில் கட்டு மாற்றுகிறவர் காலையில் ஒரே கிண்ணம், ஒரே இடுக்கியோடு வருவார். முதல் கட்டிலில் சீழ்ப்புண். அதைத் துடைத்துவிட்டு இரண்டாவது கட்டில், மூன்றாவது. அப்பா ஏழாவது கட்டில். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது, ஆறாம் நாள் தையல் பிரிந்தது. 47 நாள் படுத்தார். நிலத்தில் கொஞ்சம் போயிற்று. அம்மா கடைசியில் துணியை உலையில் கொதிக்க வைத்து, நிழலில் உலர்த்தி, தானே கொண்டு வந்து கொடுத்து ‘இதைப் போடுங்கய்யா’ என்று கெஞ்சுவாள். தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிப்பது எங்கள் குலத்து வழக்கம். உயிர்களுக்கு இம்சை கூடாது என்பதற்காக வந்தது. அம்மா அதைத் துணிக்கும் நீட்டினாள். அப்பா பிழைத்தார், இன்னும் 19 ஆண்டு இருந்தார்.

துணி பற்றி மக்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. காரம் சேர்த்துக் கொதிக்க வைத்து, வெளுத்து, அலசினால்தான் அது புண் துணி. சோதனை சுலபம்: ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் சில விநாடிகளில் மூழ்க வேண்டும், மிதந்தால் கசிவை உறிஞ்சாது, புண் ஊறிப் போகும். வெள்ளையாக இருப்பது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. ஆஸ்பத்திரியில் டிரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்து எடுத்த பிறகுதான் அது புண்ணைத் தொடலாம். பாலித்தீன் பையில் அழகாக மடித்து வைத்திருப்பதைப் பார்த்து ஏமாந்து, வீட்டில் அப்படியே எடுத்து வைப்பவர்கள் உண்டு. பொட்டலத்தின் மேல் ‘ஸ்டெரைல்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைப் புண் சீழ் பிடிக்காமல் தடுக்க வழிமுறைகள் வெளியிட்டது. நம்மைப் போன்ற நாடுகளில் அறுவை செய்துகொள்வோரில் 100க்கு 11 பேருக்குப் புண் கெடுகிறது என்று அதிலே கணக்கு. படித்தபோது எனக்கு அந்த ஏழாவது கட்டில்தான் ஞாபகம் வந்தது. அதில் சில செய்திகள் நம் வீட்டுப் பழக்கத்துக்கு நேர் எதிர். அறுக்கிற இடத்தில் சவரக் கத்தி படவே கூடாது. முடி எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெட்டும் கருவியால் எடுக்கலாம்; சவரம் பண்ணினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி இறங்கும். ஆக, திருமுக்கூடல் நாவிதர் நகம் வெட்டட்டும், கத்தியை வைத்துவிடட்டும். இன்னொன்று: தடுப்புக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஊசியைக் கத்தி வைப்பதற்கு முன்பே போட வேண்டும், ஆபரேஷன் முடிந்த பிறகு, சீழுக்கு அடையாளம் இல்லாதபோது, தொடர்ந்து போட வேண்டியதில்லை. நம் ஆட்களோ ‘ஊசியே போடலை, என்ன ஆஸ்பத்திரி இது’ என்று சண்டைக்குப் போகிறார்கள். சாதாரணமாகத் தைத்து மூடிய புண்ணுக்கு விலை உயர்ந்த நவீனக் கட்டுகள் தேவையில்லை, எளிய கட்டே போதும் என்றும் அதே ஏடு சொல்கிறது. எளிய கட்டு விற்கிறவன் இதைச் சொன்னால் சந்தேகம் வரும்தான், ஏட்டையே பாருங்கள்.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆனவருக்குப் பருப்பு கொடுத்தால் சீழ் வைக்கும், நெய் கூடாது, கிழங்கு கூடாது என்று ரசஞ்சோறும் அப்பளமுமாக நாளைக் கழிக்கிற குடும்பங்கள் இந்தத் தொம்மலூரிலேயே நிறைய. சதை வளர்ந்து மூடுவதற்குப் புரதம் வேண்டும். மாமிசம் தின்னாத எங்களுக்குப் பருப்பும் பயறும் பாலும்தானே அது. அதையும் நிறுத்தினால் புண் எதைக்கொண்டு ஆறும்? சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது மருந்தைவிட முக்கியம். பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்வது, ‘எங்கே காட்டு’ என்று கட்டை விலக்கிப் பார்ப்பது, கையோடு கொண்டு வந்த திருநீற்றையோ மஞ்சளையோ தைத்த இடத்தில் வைப்பது, இவையெல்லாம் அன்பால் வருபவை. 281ஆம் பாட்டின் வீட்டிலும் அன்பு இருந்தது. ஆனால் அங்கே அன்பு தொடவில்லை, காவல் இருந்தது. நெற்றியில் பூசுங்கள், புண்ணில் வேண்டாம். உள்ளே வரும்போது கை கழுவுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, கசிவு நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே அறுத்த டாக்டரிடம் போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல், எங்கள் அப்பா 47 நாள் படுத்த அதே ஆண்டில், 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவையின் காயம் அரிசி அகலம்கூட இருக்காது, ஆனால் உள்ளே கிருமி போனால் பார்வை போய்விடும். அறுவை முடிகிற கணத்தில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்ஸசின் மருந்தைச் சிறிது செலுத்தினால் என்ன ஆகும் என்று அவர்கள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாதபோது 100க்கு 0.07; செலுத்திய பிறகு 0.02. சின்ன எண்தான். ஆறு லட்சத்தோடு பெருக்கிப் பார்த்தால் எத்தனை பாட்டிகளின் கண் என்று தெரியும். திருமுக்கூடல் மதிலில் விட்டுப்போன அந்த ஒரு பத்தி, எத்தனை பேருக்கு அறுத்தோம் எத்தனை பேருக்குக் கெட்டது என்கிற பத்தி, மதுரையில்தான் எழுதப்பட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

விடுமுறைக்குக் காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்கள் செங்கல்பட்டுச் சாலையில் வாலாஜாபாத்தைத் தாண்டிப் பழையசீவரத்தில் பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் கோயில். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் எழுத்து நன்றாகத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். குறுணி, கலம் கணக்கை முதலிலேயே அவர்களுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் அதைக் கேட்டே கழியும்.